சொர்ணம் டீச்சரின் சத்துமாவு

மார்ச் 3

ரேகாவை எழுப்ப இன்றும் விசில் ஊத வேண்டியதாயிற்று. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊதினால் பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும். பெற்ற பெண் மட்டும் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்கிறாள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு என்பார்கள். பி.டி. டீச்சர் பிள்ளை குண்டு என்று பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லிச் சிரிக்க நான் விடுவதாக இல்லை.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது திடீரென்று ஊதிப் போனாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எந்நேரமும் தூக்கம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார். ஒரு வருஷத்தில் உடம்பு இறங்கிவிட்டது. மாத்திரையால் இறங்கியது என்று டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும். மாத்திரையா விடியுமுன் மைதானத்தைச் சுற்றி ஓடியது? கொள்ளும் வெள்ளரிக்காயும் தின்றது மாத்திரையா?

நேற்றிரவு இவர் அவளுக்கு முறுக்கு கொடுத்ததைப் பார்த்துவிட்டேன். டப்பாவையே எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16

தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் சிவபாலன். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மாள் பெயர் ராஜபுஷ்பம். உட்கார்ந்ததும் எங்கள் சோபா ஒரு தரம் முனகியது. நல்ல சரீரம். இவளைப் பக்கத்தில் உட்கார்த்தினால் ரேகா ஈர்க்குச்சி மாதிரி தெரிவாள், அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கேசரி இரண்டு தட்டு தின்றுவிட்டு அந்த அம்மாள் சாவகாசமாகக் கேட்டாள்: "பிள்ளைக்கு மருந்து மாத்திரைன்னு எதுவும் உண்டுமா மைனி? தெரிஞ்சா பாத்துக்கிட வசதியா இருக்கும்லா."

"தலவலி மாத்திர கூடப் போட்டது கெடையாது மைனி. பி.டி. டீச்சர் மகளாக்கும்" என்றேன்.

காபித் தட்டை வைத்துக்கொண்டிருந்த ரேகா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். போகும்போதே பூ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் 2

மாப்பிள்ளை போனில் பேசுகிறார். பேசட்டும், இந்தக் காலத்தில் யார் தடுக்க முடியும்? ஆனால் ரேகா இன்று அடுப்பங்கரையில் வந்து நின்றுகொண்டு, அவரிடம் தைராய்டு விஷயத்தைச் சொல்லிவிடப்போகிறேன், நல்ல மனுஷராகத் தெரிகிறார் என்றாள். நல்ல மனுஷராம். பெண் பார்க்க வந்தவன் எவன் கெட்ட மனுஷனாக வந்திருக்கிறான்?

தைராய்டு என்றால் அடுத்த கேள்வி பிள்ளை பிறக்குமா என்பதுதான் என்று எடுத்துச் சொன்னேன். மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே நாலு இடம் தட்டிப்போனதைச் சொன்னேன். அப்படியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாக்காரி கோபத்தில் சொல்கிற வார்த்தை ஒன்றைச் சொன்னேன். "இல்லன்னு சொன்னது நான். நீ உண்டுன்னு சொன்னேன்னா அன்னைக்கே என்னைக் கெணத்துலதான் வந்து எடுக்கணும்."

அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பயந்த பிள்ளைதான், பாவம். அவள் நல்லதுக்குத்தானே.

மே 9

கல்யாணச் சாமான்கள் கட்டியாகிறது. ஒரு கவலைதான் அரித்துக்கொண்டிருந்தது. மாத்திரையை எப்படிக் கொடுத்துவிடுவது? அது ஒரே வீடு, ஒரே பீரோ. அந்த அம்மாள் மூடி திறக்காத டப்பா இருக்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, முந்திரி, ஏலக்காய் எல்லாம் வறுத்துச் சத்துமாவு திரித்தேன். கூடவே மாத்திரைகளையும் மிக்சியில் போட்டுப் பொடித்து, மாவோடு கலந்து, ஒன்றுக்கு இரண்டு தரம் சலித்தேன். தினம் இரண்டு ஸ்பூன் எடுத்துப் பாலில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் மாத்திரையும் உள்ளே போகும், யாருக்கும் தெரியாது. அம்மா வீட்டுச் சத்துமாவை எந்த மாமியார் சந்தேகப்படுவாள்?

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல, மருந்துக்கடைக்காரர் வெறும் வயிற்றில் தண்ணீரோடுதான் போட வேண்டும், பால் கூடாது என்று சொன்னாரே என்றார். ஒரு ஸ்பூனில் எவ்வளவு வரும் என்று எப்படிக் கணக்கு என்று கேட்டார். அடுப்பில் கொதித்தால் மருந்து கெடாதா என்றார். சட்டியில் இருந்தால் அகப்பையில் வராமலா போகும் என்று கேட்டேன். பதில் இல்லாதவர் பேசாமல் பத்திரிகை படிக்கலாம்.

மே 25

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரவிக்கை தளர்வாகவே இருந்தது.

ஜூன் 14

வீடியோவில் பேசினாள். முகம் கொஞ்சம் பூரித்திருக்கிறது. புதுப்பெண் களை என்று ராஜபுஷ்பம் மைனி பின்னாலிருந்து சிரிக்கிறாள். களையோ கொழுப்போ, எனக்குத் தெரியாதா?

கஞ்சி குடிக்கிறாயா என்று கேட்டேன். பதினொரு மணி வாக்கில் அத்தையே காய்ச்சித் தருகிறாள் என்றாள். காலையில் இட்லி ஆன பிறகாம். நெய் வேறு ஊற்றுகிறாளாம். நெய்யை நிறுத்தச் சொன்னேன்.

ஜூன் 27

ரேகா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் பண்ணினாள். குரலே எழும்பவில்லை.

"யம்மா, அத்தையும் அதே மாத்திரதான் போடுதாங்க. காலையில எந்திரிச்சதும் மொத வேலை அதான். குப்பி பிரிட்ஜ் மேல வெளியதான் இருக்கு. நானும் சொல்லிரட்டா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா."

எனக்கும் ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. பிறகு நிதானித்துச் சொன்னேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? மாமியார் போட்டால் அது வயசு, மருமகள் போட்டால் அது சீக்கு. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள், நாளைக்கு ஒரு சண்டையில் சீக்குக்காரியைத் தலையில் கட்டிவிட்டாள் டீச்சர் என்பாள். என் பெயர்தானே நாறும்?

குப்பியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டாள். திருடியா உன்னை வளர்த்தேன் என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஜூலை 18

ஆடிக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எனக்குக் கண்ணை இருட்டியது. கல்யாண ரவிக்கை ஒன்றும் கை ஏறவில்லை. எடை பார்க்கும் மிஷினில் நிற்கச் சொன்னேன். நின்றாள். முள் போன இடத்தைப் பார்த்து நான் ஒன்றும் பேசவில்லை. சில சமயம் பேசாமல் இருப்பதுதான் உறைக்கும்.

அழுதுகொண்டே சொல்கிறாள், ஒன்றுமே தின்னவில்லை என்று. தின்னாமல் காற்றிலா ஊதும்?

நம் வீட்டில் ஒளிவு மறைவு எதற்கு? மாவை வீணாக்காமல், காலையில் மாத்திரையாகவே கொடுத்துவிடுகிறேன். அது முடிந்ததும் மைதானம்.

ஆகஸ்ட் 15

பார்த்தாயா! நாலு வாரத்தில் முகத்து வீக்கம் வடிந்து பழைய ரேகா வந்துவிட்டாள். விசில் ஊதாமலே எழுகிறாள். நேற்று மைதானத்தில் என்னை முந்திக்கொண்டு ஓடிவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாயிற்று. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். ஓட்டத்துக்கு உள்ள சக்தி எந்த மருந்துக்கும் கிடையாது.

மாத்திரைதான் அம்மா, கஞ்சியில் போனால் பிடிக்கவில்லை, மாத்திரையாகவே கொடுத்துவிடு என்று ராத்திரி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கெஞ்சினாள். இவரும் கூடச் சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் பழைய கிணற்றை ஞாபகப்படுத்தினேன்.

ஆகஸ்ட் 17

மாப்பிள்ளை வந்து அழைத்துப்போனார். கிளம்புமுன் பையைச் சரிபார்த்தேன். பவுடர் டப்பாவை எடுத்து வைத்தபோது கிலுகிலுத்தது. பவுடர் கிலுகிலுக்காது. உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு, டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டேன்.

புது மாவு இரண்டு டப்பா கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30

தலைமுழுகாமல் இருக்கிறாளாம்! ராஜபுஷ்பம் மைனிதான் போன் பண்ணினாள், பேச முடியாமல் சிரிக்கிறாள். பிள்ளையார் கோயிலில் தேங்காய் விடலை போட்டேன். தைராய்டுக்காரிக்குப் பிள்ளை தங்காது என்று சொன்னவர்கள் எல்லாம் வரிசையாக வந்து நில்லுங்கள்.

அக்டோபர் 10

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். நான் முந்திக்கொண்டேன். லேப் வைத்திருக்கிற சுகந்தி என்னிடம் கபடி ஆடியவள், இங்கே நம் ஊரிலேயே பார்த்துவிடலாம் என்று ரேகாவை இரண்டு நாளைக்கு வரவழைத்தேன். சுகந்தி வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாள். தைராய்டு மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றேன். டீச்சர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு உண்டா?

தூத்துக்குடிக்கு நானே கூடப் போய் டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் அம்மாள் தாள்களைப் புரட்டிவிட்டுத் தைராய்டு எங்கே என்றாள். நார்மல்தான், அந்தத் தாள் வீட்டில் மாட்டிக்கொண்டது என்றேன். அடுத்த தடவை கொண்டுவாருங்கள் என்றாள். வாசலில் நாற்பது பேர் காத்திருக்கும்போது அவளும் என்ன செய்வாள்.

ரேகா பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. மசக்கை.

நவம்பர் 12

டாக்டர் ரேகாவிடம் எடை வேகமாக ஏறுகிறது, பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டாளாம். தாள் கேட்டாளா என்று கேட்டேன். கேட்டாளாம், அம்மா கொண்டுவருவாள் என்று ரேகா சொல்லிவிட்டாளாம்.

எடை என்ற சொல்லைக் கேட்டபிறகு எனக்குச் சும்மா இருக்க முடியுமா? சோற்றில் பாதியைக் குறைக்கச் சொன்னேன். வாழைப்பழம் கிடையாது. கஞ்சியும் இனி இரண்டு ஸ்பூன் வேண்டாம், ஒரு ஸ்பூன் போதும் என்றேன். முந்திரி போட்டது, உடம்பு போடும்.

"கஞ்சியிலயா யம்மா கொறைக்கச் சொல்லுத?" என்றாள்.

"ஆமா, கஞ்சியிலதான்" என்றேன். சரி என்றாள்.

நவம்பர் 26

மழை. மைதானம் முழுக்கச் சேறு. மொட்டை மாடியில் நடந்தேன். இந்த வயசிலும் என் கல்யாணத்து ரவிக்கை எனக்குச் சரியாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

டிசம்பர் 7

வீடியோவில் ரேகாவின் குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி கரகரக்கிறது. தூத்துக்குடி வெக்கையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குளிருதாம். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்குமுன் நான் நாலு வாக்கியம் பேசிவிடுகிறேன். ராஜபுஷ்பம் மைனி அவளிடம் ஒரு வேலையும் வாங்குவதில்லை, அதுதான் சோம்பல் ஏறிவிட்டது. செல்லம் கொடுத்தே குட்டிச்சுவராக்குகிறாள். எழுந்து நட, நடந்தால் சூடு தன்னால் வரும் என்று சொன்னேன்.

இவர் போய்ப் பார்த்து வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். தைக்குப் பொங்கல்படி சீர் கொண்டுபோகத்தானே போகிறோம் என்று கழற்ற வைத்தேன். இவர் போனால் அழுதுகொண்டு எதையாவது உளறிவிடுவார்.

ஜனவரி 11

தலைப் பொங்கல் சீர். மஞ்சள்குலை, கரும்பு, பனங்கிழங்கு, பானை, அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போனோம். குறை வைக்காமல் செய்திருக்கிறேன், தெருவே எட்டிப் பார்த்தது.

ரேகா வாசலுக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் உப்பி, உதடு தடித்து, கால் தூண் மாதிரி. என்னைப் பார்த்துச் சிரிக்கவே நேரம் பிடித்தது. வளைகாப்புக்கு எந்த வளையல் இந்தக் கைக்கு ஏறும் என்றுதான் முதலில் தோன்றியது. வாயால் சொல்லியும்விட்டேன். மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார்.

ராஜபுஷ்பம் மைனி என்னைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைக்கு உடம்பு என்னவோ சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் எங்கம்மா வரட்டும் எங்கம்மா வரட்டும் என்கிறாள் என்றாள். பொங்கல் கழித்துப் போகலாம், நல்ல நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம் என்றேன். மாவில் ஒரு டப்பா இன்னும் திறக்காமல் இருந்ததைக் கவனித்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு ஸ்பூன்தான் போடுகிறாள் போலிருக்கிறது.

மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தேன். இரண்டு எட்டுக்கு ஒருதரம் நின்றாள்.

"யம்மா, பிள்ள அசையுத மாதிரியே தெரியலம்மா."

"தலப்பிள்ளக்காரிக்கு என்னட்டி தெரியும்? நீ அசைஞ்சாத்தான் அது அசையும். நட."

இன்னும் கொஞ்சம் நடந்தாள். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை.

ஜனவரி 13

போகி. மாப்பிள்ளை போன் பண்ணினார். கிளம்புகிறோம்.

ஜனவரி 16

எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆண் பிள்ளை. உள்ளேயே உயிர் போய்ச் சில நாள் ஆகியிருக்கும் என்றார்கள். ரேகாவும் பிழைப்பாளா என்று முதல் நாள் ராத்திரி சொல்ல முடியவில்லை. உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நான் அந்த வராந்தாவில் நின்று, எடுத்துக்கொள்வதானால் என்னை எடுத்துக்கொள் என்று முருகனிடம் உண்மையாகவே கேட்டேன். இதை யார் நம்பாவிட்டாலும் சரி.

பொங்கலன்று மத்தியானம் கண் விழித்தாள். நேற்றுக் காலையில் டாக்டர் அம்மாள் ரத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். ரேகா கட்டிலில். தலைமாட்டில் ராஜபுஷ்பம் மைனி, கால்மாட்டில் மாப்பிள்ளை, கதவருகில் இவர், ஜன்னலோரம் நான். தைராய்டு சுத்தமாக வேலை செய்யவில்லை, அதனால்தான் எல்லாம் என்றாள். பிறகு ரேகாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இது நேத்து இன்னைக்கு வந்தது இல்லம்மா. வருஷக்கணக்கா இருந்திருக்கும். முன்னாடி மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா?"

ரேகா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம் அவள். வாய் இருக்கிறதல்லவா? சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்த்ததால் மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார், அந்த அம்மாளும் பார்த்தாள், டாக்டரும் பார்த்தாள். சுகந்தி லேப், வீட்டில் மாட்டிக்கொண்ட தாள், சத்துமாவு எல்லாம் ஒரு நொடியில் என் கண்முன் வந்து போயின. போலீசுக்குக்கூடப் போவார்களோ என்று தோன்றியது.

"எனக்குத் தெரிஞ்சு இல்லையே டாக்டர்" என்றேன். குரல் நன்றாகவே வந்தது. பிறகு ரேகாவிடம், "ஏட்டி, எனக்குத் தெரியாம ஏதும் மாத்திர தின்னியா?" என்று கேட்டேன்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.

"ஏன்மா விட்டீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு விட்டுட்டேன்."

எனக்குள் ஏதோ இறங்கியது. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது. ஆனால் பெற்ற தாய் சும்மா நின்றால் நன்றாக இருக்குமா? "பாவி, பிள்ளைய முழுங்கிட்டியேட்டி" என்று கத்திக்கொண்டு கட்டிலண்டை போய்க் கையை ஓங்கிவிட்டேன். ஒரு அடி தோளில் விழுந்தது. அடுத்தது விழுமுன் ராஜபுஷ்பம் மைனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"பச்ச ஒடம்புக்காரி மைனி. கை வைக்காதிய."

மாப்பிள்ளை ரேகாவைப் பார்த்த பார்வையை இனி எழுத வேண்டாம். வெளியே போனவர் ராத்திரிவரை வரவில்லை. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கிறார், போடுகிறார், மறுபடி கழற்றுகிறார். வாயைத் திறக்கவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் நான் பழக்கிவைத்தது வீண்போகவில்லை.

ராஜபுஷ்பம் மைனிதான் ரேகாவின் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஒரே குப்பியில ரெண்டு பேரும் போட்டிருப்போமே."

ஜனவரி 22

இந்த மாதிரி சமயத்தில் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். பத்தியம் செய்ய மருந்துச் சாமான் எல்லாம் வாங்கி, காரும் பேசிக்கொண்டு போனேன். ரேகா வரமாட்டேன் என்றுவிட்டாள். அத்தை பார்த்துக்கொள்வார்கள் என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்த அம்மாளும், அவள் இஷ்டப்படி விடுங்கள் என்றுவிட்டாள்.

வாங்கிய மருந்துச் சாமானை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் இவர் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 1

இவர் இன்று கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என்னை எதிர்த்துப் பேசினார். மாப்பிள்ளை இன்னும் ரேகாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பிள்ளை போனதைவிட, மறைத்துக் கொன்றுவிட்டாள் என்பதுதான் அவருக்கு ஆறவில்லையாம். "நீ போய் உண்மையச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லுதேன்" என்றார்.

சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டு, மாத்திரை வாங்கிவந்து கொடுத்தது யார், மாவு சலித்தபோது வாசலில் நின்று பார்த்தது யார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

சின்னஞ்சிறுசுகள். இன்றைக்குப் பேசாவிட்டால் நாளைக்குப் பேசிக்கொள்வார்கள். இப்போது நான் போய்ச் சொல்வதால் போன பிள்ளை வந்துவிடுமா? அவளாகத்தானே ஆமா என்றாள். யாரும் அவள் வாயில் ஊட்டவில்லை.

பிப்ரவரி 9

ரேகா என் போனை எடுப்பதே இல்லை. அதனால் ராஜபுஷ்பம் மைனி நம்பருக்கு அடித்தேன். நன்றாக இருக்கிறாள் என்றாள். விடிந்ததும் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே செம்பில் தண்ணீர் வைத்து மாத்திரை போட்டுக்கொள்கிறார்களாம். வீக்கம் வடிந்துவிட்டதாம். பழைய குரல் வந்துவிட்டதாம். மகன்தான் இன்னும் சரியாகவில்லை, ஹாலில் படுத்துக்கொள்கிறான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பிறகு, இந்தா அவளே வந்துவிட்டாள் என்று போனைக் கொடுத்தாள்.

மூச்சு மட்டும் கேட்டது. என்ன பேச வேண்டும் என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும், என் மேல் கோபமா என்று கேட்க வேண்டும், ஒரு நாள் நான் வந்து எல்லோரிடமும் பேசுகிறேன் என்றுகூடச் சொல்லலாம் என்று இருந்தேன். அத்தனையும் எங்கேயோ போய், பழக்கதோஷம், வேறு வந்துவிட்டது.

"எடை கொறஞ்சிருக்காட்டி?"

"ம். கொறஞ்சிருக்கு யம்மா" என்றாள் ரேகா. "வயித்துல ஒண்ணும் இல்லல்லா."

எத்தனை கிலோ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தாள்.